குடிகாரன் வெட்டிய காடி

ரம்பண்ணனுக்கு அந்தப் பெயர் வந்ததற்கு இரண்டு காரணம் சொல்வார்கள். தச்சுப் பட்டறையில் மேஜை ரம்பத்துக்கு முன்னால் நிற்கிறவர் அவர்தான் என்பது ஒன்று. கையில் ஆள் சிக்கினால் பேசியே அறுத்துவிடுவார் என்பது இன்னொன்று. ஒரு முக்காலிக்கு விலை கேட்க வருகிறவர்கூட, எந்தப் பக்கம் ரேகை ஓடினால் கால் வெடிக்காது, எந்த மரம் மழைக்கு உப்பும் என்றெல்லாம் தெரிந்துகொள்ளாமல் வெளியே போக முடியாது. "விலையைச் சொல்லுங்கண்ணே, பஸ்ஸு போயிடும்" என்று கெஞ்சியவர்கள் உண்டு.

டயர் கடைக்கும் அச்சகத்துக்கும் நடுவில் நீண்டு கிடந்த தகரக் கொட்டகைதான் பட்டறை. வாசலை ஒட்டி ரம்ப மேஜை. நடுவில் பலகைகளைப் பூட்டும் இடம். கடைசியில், தூசி போகாதபடி பிளாஸ்டிக் திரை தொங்கவிட்ட ஒரு மூலை. அந்தத் திரைக்குப் பின்னால் அவர் மனைவி இருப்பாள். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, சாயம் ஏற்றுவது, வார்னிஷ் அடிப்பது எல்லாம் அவள் பொறுப்பு. அவள் முடித்துக் கொடுத்த மேஜையில் கையை வைத்தால் எடுக்க மனசு வராது என்று வாடிக்கையாளர்கள் சொல்வார்கள். ரம்பண்ணன் அந்தத் திரையை விலக்கி அவள் வேலையைச் சோதித்ததே கிடையாது.

நடுவிடம் மைத்துனனுடையது. மனைவியின் தம்பி. எந்த வேலையிலும் ஒட்டாமல் சுற்றிக்கொண்டிருந்தவனை, "வெளியே யார் யார்கிட்டயோ பேச்சு வாங்குறான், நம்மகூடவே இருக்கட்டுமேங்க" என்று அவள்தான் கூட்டிவந்தாள். கெட்டிக்காரன். பூட்டுவான், ஏற்றுவான், கொண்டுபோய் இறக்குவான். வாடிக்கையாளரிடம் ரெண்டே வார்த்தையில் பேசி முடிப்பான். "அத்தான் பேசினா ஆர்டர் வராது, ஆளு தூங்கிடுவாரு" என்று கேலி செய்வான். ரம்பண்ணனே முதலில் சிரிப்பார்.

அலமாரி செய்கிற பட்டறையில் பாதி வேலை காடி வெட்டுவதுதான். நிற்கிற பலகையில் குறுக்கே ஒரு பள்ளம் வெட்டி, தட்டுப் பலகையின் நுனியை அதற்குள் உட்கார வைப்பார்கள். எடையை அந்தப் பள்ளம் தாங்கும். சாதாரணப் பிளேடு ஒரு கோடுதான் அறுக்கும். பலகை நுழைகிற அகலத்துக்குப் பள்ளம் வேண்டுமென்றால், பலகையைத் துளித் துளியாக நகர்த்தி மறுபடி மறுபடி ஓட்ட வேண்டும். பல பிளேடுகளை அடுக்கி மாட்டி ஒரே ஓட்டில் வெட்டலாம்தான். ஆனால் இவர்களுடைய ரம்பத்தின் தண்டு குட்டையானது. அடுக்கி மாட்டினால் நட்டு முழுசாகப் பிடிக்காது. அதனால் ரம்பண்ணன் ஆடும் பிளேடு ஒன்று வாங்கினார்.

அது ஒரே பிளேடுதான். நடுவில் சாய்வாக இரண்டு வளையங்கள் இருக்கும். வளையத்தைத் திருகினால் பிளேடு தண்டில் கோணலாக உட்காரும். சுற்றும்போது இடமும் வலமுமாக ஆடி, தன்னைவிட அகலமான பள்ளத்தை வெட்டிக்கொண்டு போகும். கோணல் கூடினால் பள்ளமும் அகலும். முதல்முறை அதை மாட்டி ஓட்டியபோது மைத்துனன் பின்னால் துள்ளி, "அத்தான், என்ன இது, குடிச்சிட்டு வந்து நிக்குது!" என்று கத்தினான். அன்றிலிருந்து அதற்குக் குடிகாரன் என்று பெயர். "குடிகாரனை எடுத்து வை", "குடிகாரனுக்கு எண்ணெய் போட்டியா" என்றெல்லாம் பட்டறையில் பேச்சு அடிபடும். வெளியாள் கேட்டால் திகைப்பார். ரம்பண்ணனோ டீயைத் தவிர வேறு எதையும் தொடாதவர்.

அந்தப் பிளேடுக்கு ஒரு குணம் உண்டு. காடியின் அடி தட்டையாக வராது, நடுவில் லேசாகக் குழியும். ஆட்டம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு குழியும். ரம்பண்ணன் அதற்கு ஏற்ற மாதிரி நடந்துகொள்வார். மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு மாட்டுவார். நட்டை முறுக்கியபின் பிளேடைக் கையாலேயே ஒரு முழுச் சுற்று சுற்றி, பல் எங்கேயும் இடிக்கவில்லை என்று பார்ப்பார். அப்புறம் கழிவுத் துண்டில் ஒரு காடி வெட்டி, தட்டுப் பலகையை அதில் வைத்துப் பார்ப்பார். விரலால் தள்ளினால் போகக் கூடாது, கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலால் தட்டினால் போக வேண்டும். அதுதான் அவர் கணக்கு.

படிப்பகத்துக்குப் புத்தக அலமாரிகள் செய்யும் வேலை வந்தது அந்தச் சமயத்தில்தான். தலைக்கு மேலே உயரும் அலமாரிகள், நிறையத் தட்டுகள். ரம்பண்ணன் உற்சாகமாக ஆரம்பித்தார். எல்லா நிற்கும் பலகைகளிலும் மேல்பாதிக் காடிகளை வெட்டி முடித்தபோது காய்ச்சல் பிடித்தது. பல் கிட்டுகிற குளிர். ரம்ப மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றவரை மனைவி வந்து தோளைத் தாங்கி வீட்டுக்குக் கூட்டிப்போனாள். போகும்போது மைத்துனனிடம் சொன்னார்.

"மாப்ளே, மீதியை நீ ஓட்டிடு. செட்டிங்ல மட்டும் கை வைக்காதே."

"நீங்க போய்ப் படுங்கத்தான். நான் பார்த்துக்கறேன்."

அவர் எழுந்து நடமாடியபோது அலமாரிகள் படிப்பகத்துக்குப் போய், புத்தகங்களும் அடுக்கியாகிவிட்டது. ஒருநாள் வாசலில் நின்று பார்த்தார். செம்பழுப்பு நிறத்தில் வரிசையாக நின்றன. உள்ளே ஆட்கள் படித்துக்கொண்டிருந்ததால் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று திரும்பிவிட்டார்.

சில வாரங்கள்தான் போயிருக்கும். ஒரு அலமாரியின் நடுத்தட்டு ஒரு பக்கம் காடியிலிருந்து நழுவி, கீழே இருந்த தட்டையும் அடித்துக்கொண்டு சரிந்தது. எதிரே நின்று புத்தகம் எடுத்துக்கொண்டிருந்த, படிப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் நூலகத்தம்மாவின் வலது மணிக்கட்டு முறிந்தது. தலைக்கு வந்தது கையோடு போயிற்று என்று எல்லோரும் சொன்னார்கள்.

செய்தி கேட்டதும் மைத்துனன்தான் ஓடினான். திரும்பி வந்தவன் முகம் வெளிறியிருந்தது.

"அத்தான், காடி அகலமா இருந்திருக்கு. பலகை லூஸு."

"எப்படிடா? தட்டிப் பார்த்துத்தானே வச்சேன்?"

"எனக்கு என்ன தெரியும்? நீங்க வச்ச செட்டிங்லதான் ஓட்டினேன். நான் அதைத் தொடவே இல்ல."

ரம்பண்ணன் யோசித்தார். கழிவுத் துண்டில் வெட்டிப் பார்த்தது நினைவில் இருந்தது. ஆனால் அது காய்ச்சல் வந்த அன்றா, அதற்கு முந்தின நாளா? அன்று காலை வளையத்தை மறுபடி திருகினாரா? கோடுகள் கண்ணில் மங்கியது போலவும் ஒரு ஞாபகம். திரையை விலக்கிக்கொண்டு வந்து நின்ற மனைவியைப் பார்த்தார்.

"நீ சொல்லு. அன்னிக்கு நான் எப்படி இருந்தேன்?"

அவள் கையிலிருந்த துணியை மடித்தாள். "அன்னிக்கு உங்களுக்கு நிதானமே இல்லைங்க. கண்ணெல்லாம் செவந்து, பேச்சே குழறிடுச்சு. அந்த நேரத்துல எதைப் பார்த்து என்ன வச்சீங்களோ." அவள் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். தன்னைக் காயப்படுத்தக் கூடாதென்று தயங்குகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"அந்தப் பலகையை எடுத்துட்டு வா, பார்க்கலாம்."

"எங்கே இருக்கு? உடைஞ்சு சுக்குநூறாப் போச்சு. அங்கேயே தூக்கி எறிஞ்சிட்டாங்க" என்றான் மைத்துனன். அன்று சாயங்காலமே மற்ற அலமாரிகளின் ஒவ்வொரு தட்டுக்கும் கீழே இரும்பு மூலைத்தகடு வைத்துத் திருகாணி முடுக்கிவிட்டு வந்தான். அதற்காக ரம்பண்ணன் அவன் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

மறுநாள் நூலகத்தம்மாவின் வீட்டுக்குப் போனார். மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். தனியாக வாழ்கிறவள். கதவைத் திறக்கவே சிரமப்பட்டிருந்தாள்.

"தப்பு என்னுதும்மா. அளவை நான்தான் தப்பா வச்சிட்டேன்."

"குடிச்சிட்டு வெட்டினீங்கன்னு சொல்றாங்களே, நெசமா?"

அந்தப் பிளேடின் கதையை அவர் சொல்லியிருக்கலாம். வேறொரு நாளாக இருந்தால் வளையம், தண்டு, நட்டு எல்லாவற்றையும் விளக்கி அந்த அம்மாவைக் கொட்டாவி விட வைத்திருப்பார். அன்று வாய் எழவில்லை. முறிந்த கையின் முன்னால் உட்கார்ந்து, அது ஒரு கேலிப்பெயர் என்று சொல்வது அசிங்கமாகப் பட்டது. "காய்ச்சலா இருந்தேன்" என்று மட்டும் சொன்னார். நம்பினாளா என்று தெரியவில்லை.

அதற்கப்புறம் அவர் ரம்பத்தைத் தொடவில்லை. கண் டாக்டரிடம் போனார். டாக்டர் விளக்கடித்து, எழுத்துகளைப் படிக்கச் சொல்லி, "உங்க வயசுக்கு இந்தப் பார்வை கொடுத்து வச்சிருக்கணும்" என்று அனுப்பிவிட்டார். அது ஆறுதலாக இல்லை. கண்ணில் கோளாறென்றால் கண்ணாடி போட்டுச் சரிபண்ணலாம். கண் சரியாக இருந்தால் கோளாறு தலைக்குள் அல்லவா இருக்கிறது? அவருடைய அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் மறதி வந்தது. அதே வழியில் தானும் கிளம்பிவிட்டோமோ என்று பயம் பிடித்தது. அடுப்பை அணைத்தோமா, கதவைப் பூட்டினோமா என்று பாதி வழியில் திரும்பிப் போய்ப் பார்க்க ஆரம்பித்தார். எல்லாம் அணைத்தபடி, பூட்டியபடியே இருந்தன. அப்படியும் நம்பிக்கை வரவில்லை.

ரம்ப மேஜை மைத்துனன் கைக்குப் போயிற்று. வாடிக்கையாளர்கள் அவனை மேஸ்திரி என்று கூப்பிட்டார்கள். ரம்பண்ணன் கீல் மாட்டுவார், பலகை சுமப்பார், தூசி கூட்டுவார். பேச்சும் நின்றுபோனது. டயர் கடைக்காரர், "என்னண்ணே, ரம்பம் மழுங்கிப் போச்சா?" என்று சீண்டிப் பார்த்தார். அதற்கும் பதில் வரவில்லை. வீட்டில் மனைவி, "எதையாவது பேசுங்களேன், பயமா இருக்கு" என்பாள். சோறு போடும்போது கூடுதலாக ஒரு கரண்டி வைப்பாள். தன் நிலைமையைப் பார்த்து உருகுகிறாள் என்று அவருக்கு அவள்மேல் இரக்கம்தான் வந்தது.

மாவுக்கட்டுப் பிரித்து வெகுநாள் கழித்து நூலகத்தம்மாவிடமிருந்து ஆள் வந்தது. கிடங்கு அறைக் கதவு தரையில் இழுபடுகிறதாம். மேஸ்திரி வேண்டாம், பெரியவர்தான் வரவேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். ரம்பண்ணன் இழைப்புளியையும் உளியையும் பையில் போட்டுக்கொண்டு போனார்.

"தப்பு என்னுதுன்னு நேரா வந்து சொன்னவரு நீங்க ஒருத்தர்தான்" என்றாள் அவள். "அதான் உங்களைக் கூப்பிட்டேன்."

அவருக்குக் கூச்சமாக இருந்தது. கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்தார். உள்ளே ஓதமடிக்கிற சின்ன அறை. தரையில் ஈரம் ஏறும் என்பதால் பழைய இதழ்க் கட்டுகளைப் பலகைகள்மேல் அடுக்கியிருந்தார்கள். செம்பழுப்புப் பலகைகள். குறுக்கே காடிகள்.

ரம்பண்ணன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கட்டுகளை நகர்த்திவிட்டு ஒரு பலகையை வெளிச்சத்துக்கு இழுத்தார். மேல்பாதிக் காடிகளில் கட்டைவிரலை விட்டு இழுத்தார். பக்கங்கள் செங்குத்தாக, அடியில் தெரிந்தும் தெரியாத குழிவோடு இருந்தன. அவை அவர் வெட்டியவை. காய்ச்சல் வருவதற்கு முன்னால். பிறகு கீழ்ப்பாதிக்கு விரலை இறக்கினார். விரல் உள்ளே விழுந்தது. காடி அகன்றிருந்தது. அடி, கரண்டியின் வயிறு மாதிரிக் குழிந்திருந்தது. பிளேடைக் கூடுதலாக ஆட விட்டால் மட்டுமே வருகிற குழிவு.

அளவுகோலை வைத்துப் பார்த்தார். பார்க்கத் தேவையே இல்லை. வைத்த செட்டிங் தப்பாக இருந்திருந்தால் மேலே உள்ளவையும் தப்பாகத்தான் இருக்க வேண்டும். மேலே உள்ளவை அச்சாக இருந்தன. அவர் போனபிறகு யாரோ வளையத்தைத் திருகியிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ.

மாதக்கணக்கில் நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாறை நகர்ந்தது. 'எனக்கு ஒன்றும் இல்லை, என் தலை சரியாகத்தான் இருக்கிறது' என்று ஒரு கணம் சந்தோஷமே வந்தது. அந்தச் சந்தோஷத்தோடு பலகையை இன்னும் கொஞ்சம் திருப்பினார். அப்போதுதான் அதைப் பார்த்தார்.

அகன்ற காடிகளின் விளிம்பில் காய்ந்த பசை ஒட்டியிருந்தது. பசையில் மரத்தூளைக் குழைத்து இடைவெளியை அடைத்திருக்கிறார்கள். அந்த அடைப்பின்மேல் உப்புத்தாள் கீறல்கள் இருந்தன. மரத்தில் தொடங்கி, அடைப்பைத் தாண்டி, மறுபடி மரத்துக்குப் போகும் மெல்லிய கீறல்கள். அதற்குமேல் சாயம். மரம் குடிக்கிற அளவுக்குப் பசை சாயத்தைக் குடிக்காது, வெளுத்து நிற்கும். ஆனால் இங்கே வெளுப்புத் தெரியாமலிருக்கச் சின்னத் தூரிகையால் இன்னொரு தடவை தொட்டு, நிறத்தைச் சேர்த்திருந்தது. அவ்வளவு பொறுமை அந்தப் பட்டறையில் ஒருத்திக்குத்தான் உண்டு.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்துட்டீங்க?" என்று நூலகத்தம்மா வாசலில் நின்றாள்.

"இந்தப் பலகை இங்க எப்படிம்மா வந்துச்சு? உடைஞ்சு போச்சுன்னு சொன்னாங்களே."

"தட்டுதான் உடைஞ்சுது. இது நல்லாத்தானே இருக்கு? உங்க மச்சான் அடுப்புக்குப் போட்டுடுங்கன்னு சொன்னாரு. எனக்குத்தான் மனசு வரல."

அவர் அடைப்பின்மேல் விரலை ஓட்டிக்கொண்டிருக்க, அவள் தொடர்ந்தாள். "அன்னிக்கு அவருதான் சொன்னாரு, 'குடிகாரன் வெட்டின காடி, நான் என்னம்மா பண்றது'ன்னு. அதைக் கேட்டுத்தான் நான் உங்ககிட்ட அப்படிக் கேட்டுட்டேன். அப்புறம் விசாரிச்சா நீங்க தொடவே மாட்டீங்களாம்."

ரம்பண்ணன் கதவின் அடியை இழைத்து, மறுபடி மாட்டி, திறந்து மூடிப் பார்த்தார். பலகையை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். தோளில் வைத்துக்கொண்டு கடைத்தெரு வழியாக நடந்தார். எதிரே வந்த தெரிந்த முகங்கள் கும்பிட்டது எதுவும் அவர் கண்ணில் படவில்லை.

பட்டறையில் ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. மைத்துனன் வெட்டி முடித்து நிறுத்தும்வரை காத்திருந்தார். பிறகு ரம்ப மேஜையின்மேல், காடி மேலே தெரியும்படி பலகையைப் படுக்க வைத்தார்.

மைத்துனன் பார்த்தான். அடையாளம் தெரிந்துவிட்டது. "இது எங்கே..." என்று ஆரம்பித்து நிறுத்தினான்.

"மேல இருக்கிறது நான் வெட்டினது. கீழ இருக்கிறது யாரு வெட்டினது?"

"அத்தான், அது வந்து..."

"யாரு வெட்டினது?"

"நான்தான்." அவன் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "கீழ்த்தட்டுக்குன்னு அப்புறம் வந்த பலகையெல்லாம் கொஞ்சம் தடிமன். உங்க காடியில நுழையவே இல்ல. எல்லாத்தையும் இழைச்சா சொன்ன தேதிக்குக் குடுக்க முடியாது. லேசா ஒரு திருகு திருகினேன், கூடிப் போச்சு. பார்க்கறதுக்குள்ள மொத்தமும் வெட்டிட்டேன்."

"துண்டுல வெட்டிப் பார்க்கலையா?"

"இல்ல."

"என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க காய்ச்சல்ல கெடந்தீங்க."

"சரி. தட்டு விழுந்தப்ப நான் எந்திரிச்சுதானேடா இருந்தேன்?"

"பயந்துட்டேன் அத்தான். கேஸு கீஸுன்னு ஆயிடுமோன்னு. அதுக்குள்ள நீங்களே போய் என் தப்புதான்னு சொல்லிட்டு வந்துட்டீங்க. அப்புறம் எப்படி மாத்திச் சொல்றது?" என்றான்.

"நானா சொன்னேன்? நீங்க சொல்ல வச்சீங்க."

'நீங்க' என்ற வார்த்தை மரியாதைக்கு வந்ததல்ல என்று மைத்துனனுக்குப் புரிந்தது. அவன் பார்வை திரையை நோக்கிப் போயிற்று. திரைக்குப் பின்னால் உப்புத்தாள் சத்தம் எப்போதோ நின்றிருந்தது. அவள் வெளியே வந்தாள். கையெல்லாம் சாயம். பலகையைப் பார்த்தாள். தான் தூரிகையால் தொட்ட இடத்தையே முதலில் பார்த்தாள் என்பதை ரம்பண்ணன் கவனித்தார்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"பாலிஷ் போடும்போதே." குரல் கம்மியது. "என்னடா இதுன்னு கேட்டேன். பசை பிடிச்சா கல்லு மாதிரி நிக்கும்க்கா, அத்தான்கிட்ட சொல்லாதேன்னான். நிக்கும்னுதான் நானும் நெனச்சேன்."

"விழுந்தப்புறம்?"

"விழுந்தப்புறம் பயம் வந்துடுச்சுங்க. அவன் பொண்டாட்டி மாசமா இருந்தா. எங்கே போனாலும் கெட்ட பேரு வாங்கிட்டு வர்றவன், இதுவும் போயிடுச்சுன்னா எழுந்திரிக்கவே மாட்டான். உங்களுக்கு ஊருல ஒரு பேரு இருக்கு. ஒரு தடவை தவறினாலும் யாரும் உங்களை ஒண்ணும் சொல்லமாட்டாங்கன்னு..."

"அந்தப் பேரைத்தானே எடுத்து அவனுக்குக் குடுத்தே?"

அவள் அழ ஆரம்பித்தாள். ரம்பண்ணனுக்குச் சத்தம் போட்டுத் திட்ட வேண்டும் என்றிருந்தது. வந்தது வேறு.

"எனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு நெனச்சேன். எங்கப்பா மாதிரி ஆயிடுவேன்னு நெனச்சேன். பாதி ரோட்டுலேருந்து திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேனே, நீயும் பக்கத்துல நின்னு பார்த்துட்டே இருப்பியே. அப்பகூட ஒரு வார்த்தை வரலையா உனக்கு?"

"இன்னிக்குச் சொல்லிடலாம், நாளைக்குச் சொல்லிடலாம்னு..."

அவர் வெளியே போய் டயர் கடையில் அடுக்கியிருந்த பழைய டயர்கள்மேல் உட்கார்ந்தார். கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் டீ வாங்கி வந்து வைத்தார். அது ஆறி ஆடை படர்ந்தது. மைத்துனன் செய்தது வலித்தது. ஆனால் அவன் எப்போதுமே பயந்தாங்கொள்ளி, எதையாவது சொல்லித் தப்பிக்கிறவன். அதை அவர் அறிந்தே சேர்த்துக்கொண்டார். மனைவி விஷயம் அப்படி இல்லை. "அன்னிக்கு உங்களுக்கு நிதானமே இல்லைங்க" என்ற அவளுடைய ஒரே வார்த்தையை நம்பி, தன் கண்ணையும் கையையும் புத்தியையும் அவர் கைவிட்டிருந்தார். வேறு யார் சொல்லியிருந்தாலும் கடைசிவரை எதிர்த்து நின்றிருப்பார்.

மைத்துனனிடம் அவர் கேட்டது ஒன்றுதான். "அந்த அம்மாகிட்ட நீயே போய் உன் வாயால சொல்லு." அவன் சரி என்றான். போகவில்லை. சில நாள் கழித்து வேலைக்கும் வரவில்லை. ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய மரச்சாமான் கடையில் தலைமை மேஸ்திரியாகச் சேர்ந்துவிட்டான் என்று அச்சகத்தில் சொன்னார்கள். இந்த ரம்பத்தின் முன்னால் நின்று சம்பாதித்த பெயர் அங்கே அவனுக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தது. அவனிடம் சண்டைக்குப் போகலாம் என்று டயர் கடைக்காரர் சட்டைக் கையை மடித்தார். ரம்பண்ணன் வேண்டாம் என்றார்.

நூலகத்தம்மா ஒருநாள் தானே பட்டறைக்கு வந்தாள். மணிக்கட்டு இன்னும் முழுசாக மடங்கவில்லை. பையை இடது தோளில் மாட்டியிருந்தாள்.

"உங்க வீட்டம்மா வந்திருந்தாங்க. எல்லாத்தையும் சொல்லி அழுதாங்க" என்றாள். "உங்களைக் குடிகாரருன்னு நெனச்சதுக்கு நான் மன்னிப்புக் கேக்கணும்."

மனைவி போனது ரம்பண்ணனுக்குத் தெரியாது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. திரைக்குப் பின்னால் அவள் நிழல் அசையாமல் நின்றது.

"அந்த இரும்புத் தகட்டையெல்லாம் எடுத்துட்டு, கீழ்த்தட்டு எல்லாம் புதுசா செஞ்சு குடுக்க முடியுமா? நீங்களே வெட்டணும்" என்றாள் நூலகத்தம்மா. "தகடு தட்டுப்பட்டாலே கை கூசுது."

காடி அகன்ற நிற்கும் பலகைகளையும் சேர்த்துப் புதுசாகச் செய்து கொடுப்பதாக ஒத்துக்கொண்டார். ஆனால் கையில் எடுத்த பிளேடை மறுபடி கீழே வைத்தார். தன்மேல் தப்பில்லை என்று புத்திக்குத் தெரிந்துவிட்டது. அந்தச் செய்தி கைக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. மின்சாரத்தைப் பிடுங்கினாரா என்று மறுபடி மறுபடி பார்த்தார். வளையத்தைத் திருகி, நட்டை முறுக்கி, கையால் சுற்றி, துண்டில் வெட்டிப் பார்த்தார். சரியாக இருந்தது. நம்பாமல் இன்னொரு துண்டில் வெட்டினார். காலை முழுக்கத் துண்டுகளாகவே வெட்டிக்கொண்டிருந்தார். மதியத்துக்குமேல் ஒரு நிஜப் பலகையை எடுத்து வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளினார். மரத்தூள் வாசனை எழும்பியது. தட்டை வைத்துக் கொட்டாப்புளியால் தட்டினார். இறுக்கமாக உட்கார்ந்தது. அதற்குப்பின் வேலை வேலையாக நடந்தது.

வீட்டிலும் நாட்கள் நடந்தன. பிரிந்துபோகும் பேச்சை இருவரும் எடுக்கவில்லை. அவள் கேட்டால் பதில் சொல்வார். கடைக்குப் போனால் அவளுக்கு வேண்டியதையும் வாங்கி வருவார். அவள் தம்பியைப் பற்றி அவளும் பேசுவதில்லை. ஒருமுறை மட்டும், "உங்க கால்ல விழுந்தா மனசு ஆறுமா?" என்று கேட்டாள். "காலுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அலமாரிகள் பூட்டி முடிந்து திரைக்குப் பின்னால் போயின. அவள் தேய்த்து, சாயம் ஏற்றி, காயவைத்தாள். வார்னிஷ் அடிப்பதற்கு முன்னால் ரம்பண்ணன் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். கையில் டார்ச் விளக்கு. முதல் தட்டின் இணைப்பில் விளக்கைப் பிடித்து, நகத்தால் கீறிப் பார்த்தார். அடுத்த தட்டுக்கு நகர்ந்தார். அவள் கையில் துணியோடு நின்று பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவர் இப்படிச் செய்தது இதுதான் முதல்முறை.

"இனிமே எப்பவும் இப்படித்தானா?" என்று கேட்டாள்.

அவர் விளக்கைத் தாழ்த்தினார். பொய் சொல்ல வரவில்லை.

"தெரியல. பார்க்காம இருக்க முடியல."

அவள் துணியைக் கீழே வைத்துவிட்டு, அவருக்கு மறுபக்கமும் தெரியட்டும் என்று அலமாரியின் ஒரு முனையைப் பிடித்து மெல்லத் திருப்பினாள். அவர் மறுபக்கத்தையும் பார்த்தார்.